பதநீரில் ஆறிய புண்

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தபோது நடந்தது. ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன்.

அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் உடலுறவில் தொற்றும் சிபிலிஸ் நோய், நம் பக்கம் கிரந்தி என்பார்களே, அது இருப்பதாக வந்தது. மாமியார் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "எங்கள் வீட்டில் இல்லாத சீக்கை இவள்தான் கொண்டுவந்திருக்கிறாள்" என்று வாசலில் நின்று கத்தினார். முதலில் ரத்தம் கொடுத்தவள் அவள். அதனாலேயே பழியும் அவள் தலையில் விழுந்தது. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பரிசோதனை செய்கிறோம், கணவன்மாரை எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்? இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

கணவர் லாரி ஓட்டுகிறவர். தனியே உட்காரவைத்துப் பேசினேன்.

"பங்குனியில் ஒரு புண் வந்தது, அக்கா. வலியே இல்லை. சூட்டுப் புண் என்று ஆச்சி சொன்னார்கள். தினமும் பதநீர் குடித்தேன், ஒரு மாதத்தில் ஆறிவிட்டது."

கிரந்திப் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். பதநீருக்குப் பெயர் கிடைக்கும்; கிருமி உடம்பிலேயே இருக்கும். கையை விரிக்கச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் சின்னச் சின்னத் தடிப்புகள். அரிப்பு இல்லாததால் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து வந்தது என்று நினைத்திருக்கிறார்.

"பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது. கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். வேளையோடு பென்சிலின் போட்டால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றலாம் என்றேன். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில் கணவன் மனைவி இருவருக்கும் ஊசி போட்டார்கள், 24 லட்சம் யூனிட், இடுப்பின் இரு பக்கமும் பாதிப் பாதியாக. ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றும்.

கூட வந்த மாமியார், பஸ் நிலையக் கழிப்பறையில் ஒட்டியிருக்குமோ என்று கேட்டார். கழிப்பறையிலோ துண்டிலோ ஒரே தட்டில் சாப்பிடுவதிலோ இது வராது என்றேன். அதன் பிறகு மருமகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுவாரம் கணவர் மட்டும் வந்தார். "என்னோடு வரும் கிளீனருக்கும் இப்படித்தான் ஒரு புண் வந்து ஆறியது. அழைத்துவரட்டுமா, அக்கா?" என்றார்.

நாளைக்கே வரச் சொன்னேன்.