புதுப்பிப்பு: நான்கு அறைச் சார்ஜரா, எட்டு அறைச் சார்ஜரா?
மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளுக்கு நான்கு அறைச் சார்ஜர் (ஒரே நேரத்தில் நான்கு பேட்டரிகளை வைக்கக்கூடியது) போதுமா, எட்டு அறை வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இறுதியில், ஒவ்வோர் அறையையும் தனியே கண்காணித்து, கொள்ளளவையும் அளந்து காட்டும் நான்கு அறைக் கருவியையே வாங்கினேன். அறைகளின் எண்ணிக்கையைவிட, பேட்டரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சார்ஜ் செய்யாமலிருப்பதே முக்கியம்; இணையில் ஒன்று நலிந்திருந்தால் மற்றொன்றின் சார்ஜும் கெடுகிறது. 2000 மில்லியாம்பியர் மணி (கொள்ளளவின் அலகு) என்று அச்சிட்டிருந்த பழைய பேட்டரி ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்து, 0.9 வோல்ட் வரை இறக்கி அளந்தபோது 1150 மட்டுமே தேறியது (டார்ச் மங்கியதற்கு இத்தனை நாள் பல்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்). சார்ஜ் செய்யும் மின்னோட்டத்தை மிகக் குறைத்து வைத்தால், பேட்டரி நிரம்பியதும் மின்னழுத்தத்தில் நேரும் சிறு சரிவைக் கருவி கவனிக்காமல், சார்ஜை நிறுத்தாமல் விட்டுவிடக்கூடும் என்பதால், இந்தப் பேட்டரிகளுக்கு 1000 மில்லியாம்பியரையே வைக்கிறேன்.