தூத்துக்குடியில் நாயோடு குடியேற நல்ல ஃபிளாட் கிடைக்குமா?

பாளைவாசி:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். வேலை தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் மாறிவிட்டது. பாளையங்கோட்டையில் இருந்து தினமும் போக வர நூறு கிலோமீட்டர், வல்லநாடு தாண்டும்போதே இடுப்பு பேச ஆரம்பித்துவிடுகிறது. குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று முடிவு. லிஃப்ட், ஜெனரேட்டர், வாட்ச்மேன் எல்லாம் உள்ள நல்ல அபார்ட்மெண்டாக, மூன்று பெட்ரூம், மாதம் 30,000 வரை கொடுக்கத் தயார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது.

பிரச்சினை பணம் இல்லை, மயிலி. நாலு வயது, கன்னி என்கிற நாட்டு வேட்டை இன நாய், கோவில்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் இருந்து குட்டியாக எடுத்து வந்தது. ஒரு வீட்டுக்காரர் போனில் எல்லாம் பேசி அட்வான்ஸ் கொடுக்க நாளும் குறித்துவிட்டு, நாய் என்றதும் "பொமரேனியன்னா பரவால்ல, இது வேட்டை நாயில்லா" என்று வைத்துவிட்டார். புரோக்கரோ "நாயை ஊர்லயே யார்ட்டயாவது விட்டுட்டு வாங்களேன்" என்கிறார். சொல்லாமல் கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன என்று மச்சான் கேட்கிறான். என்ன செய்யலாம்?

துறைமுகத்தான்:
மச்சான் பேச்சைக் கேட்காதீர். நான் அப்படித்தான் செய்தேன், மூன்றாம் மாதம் தெரிந்துபோய், காலி செய்யும்போது சுவரில் கீறல், கதவில் கீறல் என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கதவுக் கீறல் எங்கள் நாய் போட்டதுதான், பொய் சொல்லவில்லை, ஆனால் சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளும். அசோசியேஷன் வேறு, வீட்டுக்காரர் வேறு. இந்திய விலங்கு நல வாரியம் 2015ல் கொடுத்த வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, லிஃப்ட்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. இதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும். ஆனால் தன் வீட்டை நாய் இருக்கிறவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொந்தக்காரர் சொன்னால் அந்தப் பேப்பர் உமக்கு உதவாது. அவரைச் சம்மதிக்க வைத்து, "கன்னி இன நாய் ஒன்று, வாடகைதாரரோடு இருக்கும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குவதுதான் வழி. நம் மாநிலத்தில் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. நாய்க்கென்று கூடக் கேட்டால், எதற்காக, எப்போது திரும்பும் என்று அதையும் எழுதச் சொல்லும்.

மில்லர்புரம்அக்கா:
தம்பி, நாங்கள் லாப்ரடாரோடு ஆறு வருஷமாக இங்கே இருக்கிறோம். போனில் நாய் என்று சொன்னால் யாரும் வீடு தர மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் மனதில் வருவது அவர்களைக் கடித்த ஏதோ ஒரு நாய். ஞாயிற்றுக்கிழமை மயிலியைக் குளிப்பாட்டி நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். வெறிநாய்க்கடி ஊசி போட்ட புத்தகத்தை எடுத்து மேஜையில் வையுங்கள், ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் ஒருமுறை காட்டிச் சான்றிதழும் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. இப்போது இருக்கும் வீட்டுக்காரரின் நம்பரையும் கொடுங்கள், அவர் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதும்.

அப்புறம் சொகுசு, மாடுலர் கிச்சன் என்று பார்த்து மயங்காதீர்கள். குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் பல இடத்தில் உப்புதான், நாயைக் கழுவினாலும் உங்கள் தலையைக் கழுவினாலும் தெரிந்துவிடும். மாநகராட்சித் தாமிரபரணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, சம்ப் எவ்வளவு பெரிது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள். உப்புக் காற்றில் ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் துரு பிடிக்கும், அந்தச் செலவு யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள்.

தரைத்தளம் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது ஞாபகம் இருக்கிறதல்லவா? தூத்துக்குடி ஊருக்குள்ளும் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டுக்காரர்கள், அவர்கள் பூனை, மூன்று கேஸ் சிலிண்டர் எல்லாம் எங்கள் ஹாலில்தான். ஜெனரேட்டரைக் கீழே வைத்திருந்ததால் அது முதலில் மூழ்கியது, லிஃப்ட்டும் இல்லை. ஜெனரேட்டர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், அம்மாவுக்கு அதுதான் முக்கியம்.

தேரிக்காட்டான்:
கன்னி நாயை மூணாவது மாடியில் அடைக்கப் போறீரா வே? முயல் விரட்டுற சாதி அது. பேசாமல் ஸ்பிக் நகர், முத்தையாபுரம் பக்கம் காம்பவுண்டு போட்ட தனி வீடு பாரும், பாதி வாடகையில் முடியும். முழங்கால் வலிக்குத் தரை வீட்டைவிட லிஃப்ட் என்ன பெரிசு?

மில்லர்புரம்அக்கா:
ஓடுகிற விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான் அண்ணாச்சி. ஆனால் தனி வீடு என்றால் ரோட்டைவிட மூன்று நான்கு படி உயர்த்திக் கட்டியதாக இருக்க வேண்டும். 2023ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், சுவரிலேயே கறை இருக்கும்.

துறைமுகத்தான்:
வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறந்த பிறகு வெளியூர்க்காரர்கள் நிறைய பேர் வீடு தேடுகிறார்கள். நாய் இல்லாத ஆள் வரிசையில் நிற்கும்போது வீட்டுக்காரருக்கு உம்மைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் வேண்டும். எனக்குப் பலித்தது இரண்டு வருஷ ஒப்பந்தம், காலி செய்யும்போது பெயின்ட் என் செலவு.

பாளைவாசி:
எல்லோருக்கும் நன்றி. துறைமுகத்து அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு வருஷம், பெயின்ட் என் செலவு என்று ஒருவரிடம் பேசினேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் ஆள் உயர மேடை மேல் நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாயைக் கூட்டி வாருங்கள் என்றிருக்கிறார். காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ஓடவிட்டுக் களைப்பாக்கி அழைத்துப் போகலாம் என்று திட்டம். தேரிக்காட்டு அண்ணாச்சிக்கும் சமாதானம் ஆகும்.

ஒரே சிக்கல், அங்கே வாட்ச்மேன் தாத்தாவுக்கு நாய் என்றாலே நடுக்கமாம். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.