ஓநாய் வால் மட்டுமே பதிவாகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாக் காட்டில், நவம்பர் மான் வேட்டைக்கு முன் கட்டிய டிரெயில் கேமரா (விலங்கு கடந்தால் சென்சார் உணர்ந்து தானே படமெடுக்கும் கேமரா) இது. இடுப்பு உயரம், வெயில் படாமலிருக்க வடக்கு நோக்கி, மான் பாதைக்கு நேர் குறுக்காக. கடுங்குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் லித்தியம் ஏஏ பேட்டரிகள்தான். ஆனாலும் இரவில் ஓநாயின் வால் மட்டுமே விழுகிறது. நிற்காமல் ஓடுவதால், சென்சார் விழிப்பதற்குள் கடந்துவிடுகிறது. காலடித் தடம் சுமார் 4.5 அங்குல நீளம். ஓநாயைப் போன்ற, ஆனால் சிறிய விலங்கான கயோட்டிக்கு ஏறக்குறைய 2.5தான், அதனால் குழப்பமில்லை.

கேமராவைப் பாதையோரமாக 45 டிகிரி திருப்பினால் போதுமா? அடுத்தடுத்து 3 படங்களா, வீடியோவா? வீடியோ பேட்டரியைத் தின்றுவிடுமே.

ஓநாய் அங்கே சட்டப் பாதுகாப்பில் உள்ளது, சுடும் பேச்சே வேண்டாம். அது வந்துபோன பின் மான்கள் எப்போது அதே பாதைக்குத் திரும்புகின்றன என்பதுதான் தெரிய வேண்டும்.