உள்படிக்கட்டுக்கு எப்பாக்ஸி பூச்சு: செய்து பார்த்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் வீட்டின் உள்படிக்கட்டு வெறும் சிமெண்ட் பூச்சுடன் இருப்பதால், எவ்வளவு பெருக்கினாலும் தூசி எழும்பிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் வழவழப்பான எப்பாக்ஸி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கெட்டியாக இறுகும் பிசின்) பூச்சு கொடுக்க விரும்புகிறோம். சமதளத்தில் தானாகப் பரவி மட்டமாகும் ரெசின், படியின் செங்குத்து முகப்பில் வழிந்து கீழ் விளிம்பில் சொட்டுச் சொட்டாக உறைந்துவிடும் என்பதால், முகப்புக்கு மட்டும் கெட்டியான கலவையைப் பிரஷ்ஷால் மெல்லிய இரண்டு கோட்டாக அடித்து, அது இறுகிய பிறகு மிதிக்கும் பரப்பில் ஊற்றலாமா?

வழுக்கல்தான் என் பெரிய கவலை. முழங்கால் வலியுள்ள அம்மா கைப்பிடியைப் பற்றியபடியேதான் ஏறி இறங்குகிறார். ஈரம் பட்டால் எப்பாக்ஸி நன்றாகவே வழுக்கும். நுண்ணிய சிலிக்கா மணலைப் படி முழுவதும் தூவினால் வழவழப்பு போய்விடும். விளிம்பை ஒட்டி மூன்று அங்குலப் பட்டையாக மட்டும் தூவினால் ஈரக்காலுக்குப் பிடிப்பு போதுமா?

ஜன்னல் வெயில் நேராக விழும் மேல்படிகளில் எப்பாக்ஸி மஞ்சளித்துவிடும் என்பதால், அங்கே பாலியூரித்தேன் மேல்பூச்சும் கொடுக்க எண்ணியுள்ளோம். இதைச் செய்தவர்கள், சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு விளிம்புகள் பெயர்ந்தனவா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் உதவியாக இருக்கும்.