ஹைட்ரஜன் பெராக்சைடு செல் பிளவைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா?

கேள்வி: முதுகலை மாணவி, புதுச்சேரி

வணக்கம். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் டிஎன்ஏவைச் சிதைத்துச் செல் சுழற்சியை நிறுத்திவிடும் என்று ஒரு பாடத்தில் படித்தோம். வளர்ச்சிக் காரணிகள் பற்றிய பாடத்திலோ, செல் பிளவு தொடங்கவே அவை தேவை என்று வருகிறது. ஆய்வேட்டுக்காக 100 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தபோது ஒரு தட்டில் செல்கள் ஜி2 கட்டத்தில் (டிஎன்ஏ இரட்டித்த பின், பிளவுக்கு முந்தைய கட்டம்) நின்றன. மற்றொரு தட்டில் எந்த மாற்றமும் இல்லை. "அளவைப் பொறுத்தது" என்பதற்கு அப்பால், மூலக்கூறு மட்டத்தில் இதைத் தீர்மானிப்பது எது என்று யாராவது விளக்க இயலுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற பேராசிரியர், கடலூர்

இரண்டு பாடங்களும் பேசுவது ஒரே வேதிவினையைத்தான், அம்மா. சில புரதங்களின் வினைமையத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம், புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையுடன் இருப்பதால், பெராக்சைடால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அந்தச் சிஸ்டீன் எந்தப் புரதத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

பிடிஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணி ஏற்பியில் பிணைந்ததும், சவ்விலுள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி சூப்பர் ஆக்சைடை உண்டாக்க, அது பெராக்சைடாக மாறி, பிடிபி1பி என்ற, பாஸ்பேட்டை அகற்றும் பாஸ்படேஸ் நொதியைச் சற்று நேரம் முடக்குகிறது. ஏற்பியின் பாஸ்பேட்டுகள் அகற்றப்படாததால் சமிக்ஞை நீடித்து, செல் சுழற்சியை நகர்த்தும் சைக்ளின் டி என்ற புரதம் பெருகி, டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தைச் செல் கடக்கிறது. பிறகு ஆக்சிஜனேற்றத்தை நீக்கும் தயோரெடாக்சின் போன்ற புரதங்கள் அந்தப் பாஸ்படேஸை மீட்டுவிடும். இவ்வாறு மீளக்கூடியது என்பதாலேயே இதைச் சேதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெராக்சைடு மிகுந்தால், சிடிசி25சி என்ற வேறொரு பாஸ்படேஸின் இரண்டு சிஸ்டீன்கள் தமக்குள் டைசல்பைடு பிணைப்பு கொள்கின்றன. செல்லைப் பிளவுக்குள் நுழையச் செய்யும் சிடிகே1 என்ற நொதியின் மீதுள்ள தடுப்புப் பாஸ்பேட்டை நீக்க வேண்டியது அதுதான். அது முடங்கினால் செல் ஜி2வில் நிற்கும். வழக்கமாக டிஎன்ஏ உடைந்தால் இயங்கும் ஏடிஎம் கைனேஸ் என்ற நொதி, டிஎன்ஏ உடையாத நிலையிலும் நேரடி ஆக்சிஜனேற்றத்தால் இயங்கத் தொடங்கும் என்று 2010இல் காட்டப்பட்டது. டிஎன்ஏவும் உடைந்துவிட்டால் பி53, பி21 என்ற தடுப்புப் புரதங்கள் வழியாக ஜி1 தடையும் சேர்ந்துகொள்ளும்.

பதில் 2: செல் வளர்ப்பு ஆய்வாளர், புதுச்சேரி

பேராசிரியர் ஐயா சொன்னதோடு உங்கள் இரண்டு தட்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செல்கள் வளரும் ஊடகத்திலுள்ள பெராக்சைடின் செறிவைவிட, ஒரு செல்லுக்கு எவ்வளவு பெராக்சைடு கிடைக்கிறது என்பதே முக்கியம்; செல்கள் நெருக்கமாக உள்ள தட்டு, சேர்த்ததை விரைவில் தீர்த்துவிடும். ஊடகத்தில் சோடியம் பைருவேட் இருந்தால் அதுவே பெராக்சைடுடன் வினைபுரிந்து அதை அழித்துவிடும் என்பதால், புட்டியின் சீட்டை முதலில் பாருங்கள். வினைமிகு ஆக்சிஜனைக் காட்டப் பயன்படும் டிசிஎஃப் சாயம் ஒளிர்ந்ததை மட்டும் வைத்துப் பெராக்சைடு கூடியது என்று எழுதிவிடாதீர்கள். அது பெராக்சைடுக்கு மட்டும் உரிய சாயம் அன்று. என் கருத்தில், வெளியிலிருந்து ஒரே தடவையில் ஊற்றும் பெராக்சைடு, செல் தானே ஓர் இடத்தில் சிறிதளவு உண்டாக்குவதற்கு ஈடாகாது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைக் கொண்டு சீராக உண்டாக்கிப் பார்ப்பது மேல்.

பதில் 3: கடல் உயிரியல் மாணவர், பரங்கிப்பேட்டை

கடல் முள்ளெலியின் முட்டையையும் இங்கே குறிப்பிடலாம். கருவுற்ற சில நிமிடங்களில் அது ஆக்சிஜனை வேகமாக உறிஞ்சுவதை உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1908இலேயே கண்டார். யுடிஎக்ஸ்1 என்ற ஆக்சிடேஸ் அப்போது உண்டாக்கும் பெராக்சைடைக் கொண்டு முட்டை தன் உறையைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. உறை கெட்டியான பின்னரும் யுடிஎக்ஸ்1 தொடர்ந்து சிறிதளவு பெராக்சைடு உண்டாக்குகிறது. அதைத் தடுத்தால் தொடக்கப் பிளவுகள் பாதிக்கப்படுகின்றன.