எச்டி 650 ஹெட்ஃபோனுக்கு இயர் பேட் மாற்ற வேண்டும்: அசலா, தடித்த ரெக்ஸினா?

கோத்தகிரிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனின் இயர் பேடுகள் அமுங்கித் தட்டையாகிவிட்டன. மேல் துணி எங்கும் கிழியவில்லை. ஆனால் உள்ளிருக்கும் பஞ்சு மீண்டும் எழும்பாததால் காது மடல் உட்புறத் தடுப்பில் உரசி, சிறிது நேரத்திலேயே வலிக்கத் தொடங்குகிறது. நாதஸ்வரக் கச்சேரிகளைக் கேட்கும்போது முன்பிருந்த விரிவு குறைந்து, ஓசை காதோடு ஒட்டிக்கொண்டது போலவும் தோன்றுகிறது. பேட் பழையதானால் ஓசையும் மாறுமா, அல்லது இது என் பிரமையா? இதே மாடலுக்குப் பொருந்தும் தடித்த ரெக்ஸின் பேடுகள் அசலைவிட மலிவாகக் கிடைக்கின்றன. இங்குள்ள குளிருக்கு அவை இதமாக இருக்கும் என்றும் நினைக்கிறேன். வாங்கலாமா? வீட்டிலேயே மாட்டிவிட முடியுமா?

சிம்ஸ் பூங்கா:
பிரமை இல்லை, நண்பரே. காதுக்கும், ஓசையை எழுப்பும் பாகமான டிரைவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், அந்த இடைவெளியில் உள்ள காற்று எவ்வளவு கசிய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இயர் பேடுதான் என்பதால், பஞ்சு தட்டையானால் ஓசையின் சமநிலையும் குலைந்துவிடும். நீங்கள் நினைக்கும் ரெக்ஸினிலும் இதே சிக்கல் உண்டு. எச்டி 650 பின்புறம் திறந்த வகை. வெல்வெட் போன்ற அதன் துணி காற்றை ஓரளவு கசியவிடுவதையும் கணக்கில் கொண்டே அதன் ஓசை அமைக்கப்பட்டது. காற்றுப் புகாத ரெக்ஸினை மாட்டினால் தாழ்சுருதி கூடும், மேல்சுருதியும் வேறு மாதிரி கேட்கும். சிலருக்கு அது பிடித்தும் போகலாம். எனக்கு நாதஸ்வரத்துக்கு அது ஒத்துவராது.

இரண்டாவது காரணம் நம் ஊர்ச் சீதோஷ்ணம். ரெக்ஸின் பேடுகளின் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுவதால், முதலில் பிசுபிசுப்பாகி, பிறகு கறுப்புச் செதில்களாக உரிந்து காதிலும் சட்டைக் காலரிலும் ஒட்டத் தொடங்கும். வியர்வையும் தலை எண்ணெயும் பட்டால் அது இன்னும் விரைவாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் இருக்கும் செருப்பே பூஞ்சணம் பூக்கும் கோத்தகிரியில், அந்த மலிவு விலை எத்தனை நாளைக்கு மலிவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாட்டுவது எளிது. பேடின் அடி விளிம்பில் விரல் நுனிகளை நுழைத்து வெளிப்பக்கமாக இழுத்தால், அதன் பிளாஸ்டிக் வளையம் பிடிகளிலிருந்து ஒவ்வொன்றாக விடுபடும். உள்ளே டிரைவரை மூடியபடி மெல்லிய கறுப்பு நுரைத் தகடு ஒன்று இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைத் தொட்டாலே பொடியாகிறது என்றால் அதையும் மாற்ற வேண்டும். புது பேடை நீள்வட்டம் பொருந்தும்படி வைத்து, ஓரத்தைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால் ‘டிக், டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் பூட்டாமல் விட்டாலும் அந்தப் பக்கத்து ஓசை வேறுபடும். எச்டி 580, எச்டி 600 ஆகியவற்றுக்கும் இதே பேடுதான் என்பதால், அந்தப் பெயர்களிலும் தேடுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
மிக்க நன்றி. அசலையே வாங்கிவிடுகிறேன். இரண்டு ஜோடியாக வாங்கி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

ஏரிச்சாலை, கொடைக்கானல்:
வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே இருக்கும் நுரையும் பாலியூரித்தேன்தான். உபயோகிக்காமல் டப்பாவில் வைத்திருந்தாலும் அதற்கு வயதாகத்தான் செய்யும். கடைக்காரரிடம் நெடுங்காலம் கிடந்த சரக்கை வாங்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

மேலே நண்பர் சொன்னது ரெக்ஸினுக்குச் சரி, ஆனால் உண்மையான தோலை அதோடு சேர்த்துவிட முடியாது. நான் ஆடீஸ் எல்சிடி-2 ஹெட்ஃபோன் உபயோகிக்கிறேன்; அதன் தோல் பேடுகளை உபயோகித்த பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, கேமரா லென்ஸ் வைக்கும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் இந்த மலையிலும் நன்றாக உழைக்கின்றன. அந்த ஹெட்ஃபோனில் பேடைப் பசையால் ஒட்டியிருப்பார்கள் என்பதால், மாற்றுவதுதான் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். ஓரத்திலிருந்து மிக மெதுவாக உரிக்க வேண்டும். கத்தியையோ ஸ்க்ரூடிரைவரையோ அருகில் கொண்டு போகவே கூடாது. உள்ளிருக்கும் வலுவான காந்தம் இரும்பை வெடுக்கென்று இழுத்து, மிக மெல்லிய சவ்வைக் கிழித்துவிடக்கூடும். மிச்சப் பசையை, ஐசோபிரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் துடைக்கலாம். நேரடியாக ஊற்றக் கூடாது. பேடின் தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும்.

தொட்டபெட்டா:
புது பேட் வரும்வரை பழையதைத் துவைத்தால் எழும்புமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அழுக்கு போகும், பஞ்சு எழும்பாது. துவைப்பதென்றால் கழற்றிய பிறகு வெதுவெதுப்பான நீரில் துளி ஷாம்பு விட்டு அலசி, முறுக்காமல் துண்டில் அழுத்தி, நிழலில் காய வைக்க வேண்டும். அதற்கும் தை, மாசி மாதத்து வறண்ட காற்று வேண்டும். மூடுபனி நாளில் துவைத்தால் உள்ளே ஈரம் தங்கி வாடை வந்துவிடும். அவசரத்துக்குக் கரி அடுப்பின் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் வளையம் வளைந்துவிட்டால் பிடிகளில் பூட்டவே பூட்டாது.