ஜூலையில் டர்பனுக்கு வரும் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

லெனேசியா அத்தை: அனைவருக்கும் வணக்கம். குளிர்கால விடுமுறையின் கடைசி நாட்களில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து டர்பனுக்கு வருகிறேன். சென்ற முறை கடற்கரை, கடைவளாகம், உறவினர் வீட்டு விருந்து என்றே நாட்கள் போய்விட்டன. இந்த முறை நாடகம், இசை, நடனம், ஓவியம் என்று டர்பனுக்கே உரிய கலைகளில் சிலவற்றையாவது அவர்கள் பார்க்க வேண்டும். மூத்தவளுக்குப் பதினான்கு வயது, இளையவனுக்கு ஒன்பது. எங்கே போகலாம் என்று சொல்லுங்கள்.

கிளென்வுட் அக்கா: நல்ல சமயத்தில் வருகிறீர்கள், அத்தை. டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா வழக்கமாக ஜூலையின் பிற்பாதியில்தான் நடக்கும். பள்ளி விடுமுறை முடிவதற்குள் அதன் முதல் ஓரிரு நாட்களாவது உங்களுக்குக் கிடைத்துவிடும். நிறவெறிச் சட்டங்கள் முழு வீச்சில் இருந்த 1979-இலேயே தொடங்கிய விழா அது. இன்றும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலைகள் மையம்தான் அதை நடத்துகிறது. அதே மையம் மார்ச் மாதத்தில் எழுத்தாளர் விழாவையும், அக்டோபரில் கவிதை விழாவையும், ஆகஸ்ட் கடைசியை ஒட்டி 1998 முதல் ஜோம்பா என்ற தற்கால நடன விழாவையும் நடத்துகிறது. ஆண்டின் எந்தக் காலத்தில் வந்தாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும்.

லெனேசியா அத்தை: திரைப்பட விழா என்றால் பெரியவர்களுக்கான படங்களாகத்தானே இருக்கும்? ஒன்பது வயதுப் பையனை அழைத்துக்கொண்டு போக முடியுமா?

கிளென்வுட் அக்கா: எல்லாப் படங்களும் அப்படியல்ல. நிரலில் ஒவ்வொரு படத்திற்கும் வயது வரம்பு குறிப்பிட்டிருப்பார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் குறும்படங்களும் ஆவணப்படங்களும் மூத்தவளுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவளுடைய கைப்பேசியில் ஒருபோதும் வந்து சேராத படங்கள் அவை. நிரல் வெளியானவுடன் நானே பார்த்துப் பொருத்தமானவற்றைக் குறித்து அனுப்புகிறேன்.

சாட்ஸ்வொர்த் பெரியப்பா: திரைப்பட விழாவுக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால், தங்கச்சி, அதற்கு முன்னால் பிள்ளைகளைப் பிளேஹவுஸ் அரங்கிற்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் விருப்பம். இன்று ஆன்டன் லெம்பெடே தெரு என்று வழங்கும் ஸ்மித் தெருவில், நகர மண்டபத்திற்கு எதிரே நிற்கும் அந்தக் கட்டடம் 1935-இல் வெள்ளையர் மட்டுமே நுழையக்கூடிய திரையரங்காகத் திறக்கப்பட்டது. நம் அப்பா அதே தெருவில் வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் அதன் வாசலைக் கடந்துதான் நடந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டால், "கூரையில் நட்சத்திரம் மின்னுமாம்" என்று மற்றவர்களிடம் கேட்டதைத்தான் அவர் சொல்வார். 1986-இல் அது நாடக வளாகமாக மாறித் திறந்த பிறகு நான் உள்ளே போய், பழைய இங்கிலாந்து வீடுகளைப் போலக் கட்டிய சுவர்களுக்கு மேலே, விளக்கணைந்ததும் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அப்பா பார்க்காமலே போய்விட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். எந்த நாடகமாக இருந்தாலும் சரி, நடனமாக இருந்தாலும் சரி, டிக்கெட் செலவு என்னுடையது.

லெனேசியா அத்தை: பெரியண்ணா, அப்பா அந்த நட்சத்திரங்களைப் பற்றிப் பேசியது எனக்கு நினைவே இல்லை. கட்டாயம் போவோம். அப்படியானால் நீங்கள் சிறுவயதில் படம் பார்த்தது எங்கே?

சாட்ஸ்வொர்த் பெரியப்பா: கிரே தெருவைச் சுற்றித்தான். விக்டோரியா தெருவில் 1939-இல் தொடங்கிய அவலான், கிரே தெருவில் ஷா ஜஹான், இன்னும் சில. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் என்றால் வெள்ளிக்கிழமையே வீட்டில் அந்தப் பேச்சாக இருக்கும். இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் காட்டோ மேனரிலிருந்து நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்திய பிறகு, படத்திற்காக இரண்டு பேருந்து மாறி நகரத்திற்கு வரவேண்டியதாயிற்று. அப்போதும் வந்தோம். அந்த அவலான் நிறுவனம் இன்றும் இருக்கிறது, கடற்கரை சன்கோஸ்ட்டில் திரையரங்கு நடத்துகிறது.

நான்: நகர மண்டபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அத்தை. பிளேஹவுஸுக்கு எதிரிலேயே இருக்கிறது, 1910-இல் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது. அதே கட்டடத்துக்குள் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் டர்பன் கலைக்கூடமும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. தம்பிக்கு டோடோ பறவையின் எலும்புக்கூட்டையும் எகிப்திய மம்மியையும் காட்டிவிட்டால் அவன் அந்த நாளை மறக்கமாட்டான். கலைக்கூடத்தில் சூலுப் பெண்கள் இலாலா பனையோலையில் பின்னிய கூடைகளை அவசரப்படாமல் பாருங்கள். வேரையும் பட்டையையும் வேகவைத்து எடுத்த பழுப்பு, கருஞ்சிவப்புச் சாயங்களில் ஓலையைத் தோய்த்து, தண்ணீர் கசியாத அளவுக்கு நெருக்கிப் பின்னியிருப்பார்கள். மற்ற அரசுக் கலைக்கூடங்கள் கைவினை என்று ஒதுக்கிய காலத்திலேயே இந்தக் கூடம் அவற்றைக் கலையாக மதித்து வாங்கத் தொடங்கியது. ஒன்று மட்டும்: இதையெல்லாம் பகலிலேயே முடித்துவிடுங்கள், இருட்டிய பிறகு அந்தப் பகுதியில் நடந்து திரிய வேண்டாம்.

கிளென்வுட் அக்கா: ஆமாம், இரவு நிகழ்ச்சி என்றால் காரை அரங்கின் பக்கத்திலேயே நிறுத்திவிடுவோம்.

டோங்காட் சித்தப்பா: எல்லாவற்றையும் படித்தேன். நகரத்தில் உள்ளவை எல்லாம் வந்துவிட்டன, நம் கூத்தை ஒருவரும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்தில் எங்கள் கோயிலில் சனிக்கிழமை இரவு தெருக்கூத்து நடக்கிறது, கதை திரௌபதி துகிலுரிதல். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே இறக்கியது. அந்தக் கப்பலிலும் அதன் பின்னால் வந்த கப்பல்களிலும் வந்தவர்கள் கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்துகொண்டு காப்பாற்றி வைத்த ஆட்டம் இது. டர்பனுக்கே உரிய கலை வேண்டும் என்று கேட்டாயே, தங்கச்சி, இதைவிட உரியது எது?

லெனேசியா அத்தை: சின்னண்ணா, தவறாக நினைக்காதீர்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில் பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள்? ஒரு மணி நேரத்திற்குச் சுருக்கி ஏதாவது மண்டபத்தில் நடத்தினால் நகரத்துப் பிள்ளைகளும் பார்ப்பார்களே.

டோங்காட் சித்தப்பா: சுருக்கியும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள், தங்கச்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணத்தையும் சொல்கிறேன். துரியோதனன் நேராக மேடைக்கு வருவதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருக்க, அதன் மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் சூடு பிடிக்க, அவன் திரைக்குப் பின்னாலிருந்தே பாடித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான். அந்தக் காத்திருப்பில்தான் பார்ப்பவர் மனத்தில் அவன் அரசனாகிறான். ஒரு மணி நேரக் கூத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். திரை விலகியதும் ஒப்பனை போட்ட ஒருவன் நிற்பான், அவ்வளவே. அடுத்தது கட்டியங்காரன். அவன் ஊர்க் கதையையும் அன்றைய செய்தியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் கலந்து பேசி மக்களைச் சிரிக்க வைப்பான். பிள்ளைகள் விழித்திருப்பதே அவனுக்காகத்தான்.

டோங்காட் சித்தப்பா: இன்னொன்று. ஆட்டக்காரர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அப்பனிடமிருந்து மகன் கேட்டுக் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களிலிருந்துதான் பாடுகிறார்கள். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த அந்தப் புத்தகத்தில் மூச்சு விடும் இடத்துக்குக்கூடச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் பிழையில்லாமல் தாளம் பிடிக்கிறவர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்காமல் போனால், வேறு யார் பார்ப்பார்கள்?

சாட்ஸ்வொர்த் பெரியப்பா: தம்பி சொல்வது முழுக்கச் சரி. இந்தியாவிலிருந்து வரும் பின்னணிப் பாடகர்களின் கச்சேரிக்கு நம் மக்கள் எவ்வளவு விலை கொடுக்கவும் தயங்குவதில்லை. வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர்க் கலைஞன் தட்டு ஏந்தாத குறையாக ஆடும்போது நாம் வீட்டில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை.

லெனேசியா அத்தை: புரிந்துகொண்டேன், சின்னண்ணா. எத்தனை மணிக்கு வந்தால் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கும்?

டோங்காட் சித்தப்பா: மாலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். பச்சையும் சிவப்பும் குழைத்து முகத்தில் எழுதுவதையும், கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையைத் தோளில் இறுக்கிக் கட்டுவதையும் அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். நான் சொல்லி வைக்கிறேன். கூத்து பத்து மணியளவில் தொடங்கும். தூக்கம் வந்தால் பாயில் படுக்கட்டும். சூதாட்டத்திற்கும் துகிலுரிதலுக்கும் நானே எழுப்பிவிடுகிறேன்.

கிளென்வுட் அக்கா: அப்படியானால் வெள்ளிக்கிழமை பகலில் நகர மண்டபம், மாலையில் பிளேஹவுஸ், சனிக்கிழமை இரவு டோங்காட், ஞாயிறு ஓய்வு, திங்கட்கிழமை திரைப்பட விழா. பிளேஹவுஸில் அன்று என்ன நிகழ்ச்சி என்று நாளைக்கே கேட்டு, சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அப்பா சொன்ன முன்வரிசை இருக்கைகளை எடுத்துவிடுகிறேன்.

நான்: கலைக்கூடம் திறந்திருக்கும் நேரத்தை நான் தொலைபேசியில் உறுதி செய்துகொள்கிறேன்.

லெனேசியா அத்தை: மிக்க மகிழ்ச்சி. வியாழக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டு மதியத்திற்குள் சாட்ஸ்வொர்த் வந்துவிடுவோம். வான் ரீனன் கணவாயில் பனி அதிகமாக இருந்தால் வழியிலிருந்து செய்தி அனுப்புகிறேன். சின்னண்ணா, கோயிலில் இரவுக் குளிர் எப்படி இருக்கும்?

டோங்காட் சித்தப்பா: லெனேசியாக் குளிருக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஆளுக்கு ஒரு கம்பளி போதும், பாய்களை நான் கொண்டு வருகிறேன்.